மைக்குக்கும் காது உண்டு

பன்னிரண்டு வருஷம் இங்கிலீஷ் படித்துவிட்டு, ஒரு தடவைகூட இங்கிலீஷில் பேசி மார்க் வாங்காமலேயே கல்லூரிக்குள் நுழைந்துவிடலாம். நம் மாநிலப் பாடத்திட்டப் பொதுத்தேர்வில் எல்லாமே பேனா வேலைதான். அப்படி வந்த பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் கடைசி வருஷத் தொடக்கத்தில் பிளேஸ்மென்ட் செல்லிலிருந்து (கேம்பஸ் வேலைக்கு ஏற்பாடு செய்கிற கல்லூரிப் பிரிவு) குரூப்பில் ஒரு செய்தி விழும்: "நாளை காலை லேபில் கம்யூனிகேஷன் டெஸ்ட். ஹெட்செட் கட்டாயம்." அவர்கள் பேசுவதைக் கேட்டு முதன்முதலாக மார்க் போடப்போவது ஒரு மென்பொருள். அதற்கு முன்னால் எந்த மனுஷக் காதும் அந்த வேலையைச் செய்ததில்லை.

நான் கோவைப் பக்கம் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். பகலில் பிளேஸ்மென்ட் பசங்கள், ராத்திரியில் ஆன்லைனில் வெளிநாடு போகத் தயாராகிற நர்ஸுகள். இரண்டு கூட்டமும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "சார், எந்த ஆப்பில் பிராக்டிஸ் பண்ணலாம்?" ஒரு வரியில் பதில் சொல்ல முடியாததால் இந்த நீளப் பதிவு. ஆப் பெயர் தேடி வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம்.

இந்த வகைப் பரீட்சை தொடங்கியது இன்டர்நெட்டில் இல்லை, டெலிபோனில். 1996-ல் கலிஃபோர்னியாவில் ஜேரட் பெர்ன்ஸ்டைன் தொடங்கிய ஆர்டினேட் நிறுவனம் போன்பாஸ் என்று ஒரு தேர்வைக் கொண்டுவந்தது. ஒரு எண்ணுக்கு போன் போட்டால் மறுமுனையில் கேள்வி கேட்பதும் கணினி, மார்க் போடுவதும் கணினி. இன்று அது பியர்சன் கையில், வெர்சான்ட் என்ற பெயரில் இருக்கிறது. கால் சென்டர் மாதிரியான பிபிஓ-வில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் நன்றாகத் தெரியும். வாக்கியத்தைப் பார்த்துப் படி, கேட்டதைத் திருப்பிச் சொல், ஒற்றைச் சொல்லில் பதில் சொல், கலைந்து கிடக்கிற துண்டுகளை ஒழுங்காகச் சேர்த்துச் சொல், ஒரு குட்டிக் கதையைக் கேட்டுவிட்டு உன் வார்த்தையில் சொல். இவ்வளவுக்கும் சேர்த்து ஒரு எண் வரும். கடைசியில் சொந்தக் கருத்து கேட்கிற கேள்வியும் உண்டு, ஆனால் அந்தப் பதிலைப் பதிவு செய்துகொள்வதோடு சரி, எந்திரம் அதற்கு மார்க் போடாது.

"கருத்துக்கு மார்க் இல்ல, கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்றதுக்கு மார்க்கா சார்?" என்று பசங்களுக்குக் கோபம் வரும். நியாயமான கோபம். ஆனால் திருப்பிச் சொல்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அதை வகுப்பில் இப்படித்தான் காட்டுவேன். "நேத்து சாயங்காலம் திடீர்னு மழை வந்ததால பக்கத்து வீட்டுப் பாட்டி மாடியில காயப்போட்டிருந்த வடகத்தை எல்லாம் எங்க அம்மாதான் ஓடிப்போய் எடுத்தாங்க." ஒரு தடவை சொன்னால் போதும், வகுப்பில் யாரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட அப்படியே திருப்பிச் சொல்லிவிடுவார்கள். அடுத்து ஹங்கேரிய மொழியில் இதில் பாதி நீளத்துக்கு ஒரு வாக்கியத்தை யூடியூபிலிருந்து போட்டுக் காட்டினால் முதல் மூன்று ஒலியைத் தாண்டமாட்டார்கள். ஞாபகசக்தி அதே ஞாபகசக்திதான். தமிழ் வாக்கியத்தை நாம் சத்தமாகப் பிடித்து வைப்பதில்லை, நாலைந்து பொட்டலமாகப் பிடித்து வைக்கிறோம்: மழை வந்தது, பாட்டி, வடகம், அம்மா எடுத்தாள். திரும்பச் சொல்லும்போது அந்தப் பொட்டலங்களைப் பிரித்து நம் இலக்கணத்தை வைத்து மறுபடி வாக்கியம் கட்டுகிறோம். மொழி தெரியாதவனுக்குப் பொட்டலம் கட்டத் தெரியாது, ஒவ்வொரு ஒலியையும் தனித்தனியாகச் சுமந்தாக வேண்டும், ஏழெட்டுக்கு மேல் கையில் நிற்காது. அதனால் பத்துப் பன்னிரண்டு சொல் உள்ள வாக்கியத்தை ஒருவர் தடுமாறாமல் திருப்பிச் சொன்னால், அந்த மொழி அவருக்குள் ஓரளவு உட்கார்ந்துவிட்டது என்று கணிக்கலாம். எந்திரத்துக்கும் வசதி. என்ன சொல்லப்போகிறீர்கள் என்பது அதற்கு முன்கூட்டியே தெரியும், ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

நல்ல ஐடியாதான். மறுக்கவில்லை. சிக்கல் எங்கே வருகிறது என்றால், திருப்பிச் சொல்வது மொழி அறிவின் அறிகுறியாக இருக்கும் வரை சரி, அதையே தனியாகப் பயிற்சி எடுத்துப் பழகிவிட்டால் அப்புறம் அது எதற்கும் அறிகுறி இல்லை. கோச்சிங் சென்டர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான்.

ஆஸ்திரேலியா போக நினைப்பவர்கள் எழுதுகிற பிடிஇ-யை எடுத்துக்கொள்ளுங்கள், இதுவும் பியர்சன் நடத்துகிற இங்கிலீஷ் தேர்வுதான். 2009-ல் வந்த தேர்வு, 10-லிருந்து 90 வரை மார்க். அதில் ஒரு படத்தைக் காட்டி விவரிக்கச் சொல்வார்கள்: 25 நொடி பார்க்கலாம், 40 நொடி பேசலாம். மூன்று நொடி மௌனமாக இருந்தால் மைக் மூடிக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடிகளில் இதற்கு என்ன சொல்லிக்கொடுக்கிறார்கள் தெரியுமா? எந்தப் படம் வந்தாலும் பொருந்துகிற ஒரு மனப்பாடப் பத்தி. "தி கிவன் பிக்சர் கிவ்ஸ் இன்ஃபர்மேஷன் அபவுட்" என்று தொடங்கி, படத்தில் கண்ணில் படுகிற நாலு சொல்லை நடுவில் சொருகி, "இன் கன்க்ளூஷன்" என்று முடிக்க வேண்டும். படம் பசுவா, பட்ஜெட்டா என்பது பொருட்டே இல்லை. தடுமாறாமல் சமவேகத்தில் ஓடுவதால் சரளத்துக்கு மார்க் விழும். நிறுவனத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 ஆகஸ்டில் குழு உரையாடலைச் சுருக்கிச் சொல்வது, ஒரு சூழ்நிலைக்குத் தகுந்தபடி பேசுவது என்று இரண்டு புதுக் கேள்விகளைச் சேர்த்ததோடு, சில பதில்களை மனிதர்களும் பார்ப்பார்கள் என்று மாற்றினார்கள். எந்திரமே போதும் என்று கொடி பிடித்த தேர்வு கடைசியில் ஆள் வைக்க வேண்டி வந்தது எனக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது.

எந்திரம் என்னதான் கேட்கிறது? அது நீங்கள் பேசியதை முதலில் சொற்களாகப் பிரிக்கிறது, ஒவ்வொரு சொல்லையும் ஒலிகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு ஒலியிடமும், "இந்த இடத்தில் வரவேண்டிய ஒலி நீதானா, வேறு ஏதாவதா" என்று கேட்டு அதற்கு ஒரு நிகழ்தகவு போடுகிறது. இந்த முறையை 2000-ம் ஆண்டு வாக்கில் கேம்பிரிட்ஜில் சில்கே விட்டும் ஸ்டீவ் யங்கும் வகுத்தார்கள், இன்றைய உச்சரிப்பு ஆப்கள் பலவற்றுக்குப் பாட்டன் அதுதான். சரளத்துக்கு வேறு கணக்கு: ஒரு நொடிக்கு எத்தனை அசை, எங்கே நிறுத்தினீர்கள், எவ்வளவு நேரம், சொல்லின் நடுவிலா, வாக்கியம் முறியும் இடத்திலா. கடைசியில், இதே மாதிரி பேசிய ஆயிரக்கணக்கானவர்களுக்கு மனிதத் தேர்வாளர்கள் முன்பு எவ்வளவு போட்டார்கள் என்று பழகியிருக்கிற கணக்கை வைத்து உங்களுக்கும் ஒரு எண்.

"வேகமாத்தானே சார் பேசினேன், அப்புறம் எப்படி ஃப்ளூயன்சி கம்மி?" இதை எல்லா பேட்ச்சிலும் ஒருவராவது கேட்பார். பதிவைப் போட்டுக் கேட்டால் தெரியும். நாலு சொல்லை விழுங்கிவிட்டு மூச்சு வாங்க ஒரு நிறுத்தம், மறுபடி நாலு சொல் ஓட்டம், மறுபடி நிறுத்தம், அதுவும் "ஆஃப் தி" என்று சொல்லிவிட்டுப் பாதியில். மெதுவாகப் பேசி, அர்த்தம் முடிகிற இடத்தில் நிறுத்துகிறவருக்கு இவரைவிட நல்ல மார்க் வரும், வரவும் வேண்டும். இந்த விஷயத்தில் நான் எந்திரத்தின் கட்சி.

நம் நாக்குக்கே உரிய சில பழக்கங்களையும் அது சரியாகவே பிடிக்கிறது. சொல் மெய்யெழுத்தில் முடிந்தால் நமக்கு ஒரு உகரம் ஒட்டாமல் இருக்காது: பஸ்ஸு, டெஸ்ட்டு, பேஷண்ட்டு. முன்னால் ஸ் வந்தால் சிலருக்கு இகரம் வேண்டும்: இஸ்கூல், இஸ்டேஷன். எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுத்துப் பேசுவோம். இங்கிலீஷோ ஒரு அசையைத் தூக்கி மற்றதை அமுக்குகிற மொழி. இதையெல்லாம் ஒரு ஆப் திரையில் சிவப்பாகக் காட்டும்போது, நான் நூறு தடவை சொன்னதைவிடச் சீக்கிரம் உறைக்கிறது. அதோடு அது சலித்துக்கொள்வதில்லை, பக்கத்து பெஞ்சைப் பார்த்துச் சிரிப்பதில்லை. வெட்கம்தான் நம் பிள்ளைகளின் பெரிய தடை என்று நினைக்கிறேன், இலக்கணம்கூட அப்புறம்தான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் ஹாஸ்டல் மொட்டைமாடியில் நின்று போனிடம் பேசுகிறாள் என்றால் அந்த ஆப்புக்கு நான் நன்றி சொல்லவே செய்வேன்.

ஆனால் எல்லாச் சிவப்பும் சமம் இல்லை. "பேஷண்ட்டு" என்று ஒரு மதுரை நர்ஸ் சொன்னால் லண்டனில் யாருக்காவது புரியாமல் போகுமா? போகாது. மருந்தின் அளவைச் சொல்லும்போது ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் ஒன்றுபோல ஒலித்தால் ஆபத்து. எந்திரத்துக்கு இரண்டும் ஒரே எடை, இரண்டும் "மாதிரியிலிருந்து விலகல்". அந்த மாதிரி யாருடைய குரல் என்று யாரும் கேட்பதில்லை. 2020-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்து நிறுவனங்களின் பேச்சறிதல் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளை அமெரிக்கர்கள் பேசியபோது சராசரியாக நூற்றுக்கு 19 சொல் தவறாகப் பதிவானது, கறுப்பின அமெரிக்கர்கள் பேசியபோது 35. இரண்டு கூட்டத்துக்கும் இங்கிலீஷ் தாய்மொழி! 2017-ல் அயர்லாந்தைச் சேர்ந்த, இரண்டு பட்டம் பெற்ற ஒரு கால்நடை மருத்துவர் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்காக பிடிஇ எழுதினார். தாய்மொழியே இங்கிலீஷ்தான். பேச்சுச் சரளத்தில் 79 தேவை, எந்திரம் போட்டது 74. அப்போது பத்திரிகைகளில் பெரிதாக வந்த செய்தி. பிளேஸ்மென்ட் டெஸ்டில் ஃபெயிலாகி அழுகிற பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

லேப் கதை ஒன்று இருக்கிறது. ஒரு கல்லூரியில் வரிசையாக உட்கார வைத்து எல்லோரையும் ஒரே நேரத்தில் பேசவிட்டார்கள். ஹெட்செட்டோ தெருக்கடை ரகம், தலைக்கு மேல் ஃபேன். பக்கத்துப் பையன் கத்திப் படிக்கிறான் என்று இவனும் கத்த, இவன் மைக்கில் அவன் குரல், அவன் மைக்கில் இவன் குரல். ரிசல்ட் வந்தபோது வகுப்பிலேயே நன்றாகப் பேசுகிறவன் பட்டியலில் இல்லை. அவனுடைய இங்கிலீஷைத்தான் அந்த எண் அளந்தது என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். மேல்முறையீடு செய்ய ஒரு மெயில் ஐடிகூடக் கொடுக்கவில்லை.

நர்ஸுகள் எழுதுகிற ஓஇடி (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு) இதற்கு நேர் எதிர். அதனால்தான் எனக்குப் பிடிக்கும். அதில் பேச்சுத் தேர்வு இரண்டு நாடகங்கள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிஷம் வாக்கில், தயாராக மூன்று நிமிஷம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் அம்மாவாகவோ நடிப்பார். அவர் மார்க் போடமாட்டார், பதிவைக் கேட்டு வேறு ஆட்கள் போடுவார்கள். வீடியோ வழியாகவும் எழுதலாம் என்பதால் இதுவும் ஆன்லைன் தொழில்நுட்பம்தான், ஆனால் தொழில்நுட்பம் இங்கே கம்பியாக மட்டும் இருக்கிறது, இரண்டு முனையிலும் மனுஷர்கள். இலக்கணம், உச்சரிப்போடு, நோயாளியின் பயத்தைக் கேட்டு வாங்கினாரா, குறுக்கே பேசாமல் விட்டாரா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்த்தாரா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. பிரிட்டனின் நர்ஸிங் கவுன்சிலுக்குப் பேச்சில் 350 வேண்டும்.

இதற்குப் பயிற்சி கூகுள் மீட்டில் நடக்கும். ஜோடி ஜோடியாகப் பிரித்துவிடுவேன். ஒருவர் நர்ஸ், இன்னொருவர் ஊசி வேண்டாம் என்று அடம்பிடிக்கிற பேஷண்ட். அடம்பிடிக்கிற பாத்திரத்தை நம் பெண்கள் எவ்வளவு பிரமாதமாகச் செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும், வார்டில் பார்த்த அத்தனை மாமியாரும் வந்து இறங்கிவிடுவார்கள். திருச்சியிலிருந்து ஒரு அக்கா, பத்து வருஷ ஐசியூ அனுபவம், இங்கிலீஷில் பயங்கரத் தயக்கம். நோயாளி கோபப்பட்டதும் தயக்கமெல்லாம் போய்விட்டது. "ஐ அண்டர்ஸ்டாண்ட் யூ ஆர் ஸ்கேர்ட், டெல் மீ வாட் ஹேப்பண்ட் லாஸ்ட் டைம்" என்று உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். அவருக்கு எந்த ஆப்பும் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, வார்டுதான் சொல்லிக்கொடுத்தது. இங்கிலீஷ் கடைசியில் வந்து சேர்ந்துகொண்டது.

இப்போது எல்லோரும் ஏஐ-யிடம் குரலில் பேசிப் பழகுகிறார்கள். பழகட்டும், ஓசியில் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஜோடி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை. ஒரே எச்சரிக்கை: அது ரொம்ப நல்ல பிள்ளை. நீங்கள் என்ன குளறினாலும் புரிந்துகொள்ளும், பாராட்டும். ஒரு காரணம், பேச்சை எழுத்தாக்குகிற பல மென்பொருள்கள் தடுமாற்றத்தை விழுங்கிவிடும். ஓப்பன் ஏஐ 2022-ல் வெளியிட்ட விஸ்பர் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் பேசிப் பாருங்கள், உங்கள் "உம்", "ஆ", திரும்பத் திரும்பச் சொன்ன சொல் எல்லாம் பெரும்பாலும் காணாமல் போய், இஸ்திரி போட்ட வாக்கியம் வெளியே வரும். அந்த எழுத்தை மட்டும் படித்துவிட்டு "எக்ஸலண்ட்" என்று சொல்கிற ஆப்பை நம்பினால் என்ன ஆகும்? நிஜ மனுஷர் "சாரி?" என்று முகம் சுளிப்பார். அப்போது அதையே வேறு விதமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும், பேச்சுத் திறமையில் பாதி அதுதான். எப்போதும் புரிந்துகொள்கிற ஜோடியிடம் அதைப் பழகவே முடியாது. வேண்டுமானால் அதனிடமே சொல்லி வையுங்கள்: புரியாத மாதிரி நடி, குறுக்கே பேசு, அவசரப்படுத்து. செய்யும்.

என் சொந்த முறை இதையெல்லாம்விட மலிவு. வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட். ராத்திரி குரூப்பில் ஒரு கேள்வி போடுவேன். ஐஇஎல்டிஎஸ் என்கிற இங்கிலீஷ் தேர்வில், பேச்சின் இரண்டாம் பகுதியில் வருகிற மாதிரி: உன் ஊரில் மாறிப்போன ஒரு இடத்தைப் பற்றிச் சொல். ஒரு நிமிஷம் யோசி, இரண்டு நிமிஷத்துக்குள் பேசு. எழுதி வைத்துப் படிக்கக் கூடாது, படித்தால் குரலிலேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், கணக்கே இல்லை. அனுப்புவதற்கு முன்னால் தன் குரலைத் தானே ஒரு தடவை கேட்டாக வேண்டும். முதல் வாரம் எல்லோருக்கும் தங்கள் குரலே பிடிக்காது. அப்புறம் அதற்கே பழகி, "சார், இந்த இடத்துல ரொம்ப நிறுத்திட்டேன், மறுபடி அனுப்புறேன்" என்று அவர்களே சொல்வார்கள். அடுத்த கட்டம், ஜோடியாக இருப்பவர் அந்த வாய்ஸ் நோட்டைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே ஒரு கேள்வி கேட்க வேண்டும். உடுமலைப் பையன் தியேட்டர் இடித்து கல்யாண மண்டபம் ஆன கதையைச் சொன்னால், இன்னொருவன் "அந்த தியேட்டர்ல கடைசியா என்ன படம் பாத்தே?" என்று இங்கிலீஷில் கேட்பான். அங்கேதான் பேச்சு ஆரம்பிக்கிறது, கேட்டவனுக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருக்கிறது.

தமிழுக்கு இதெல்லாம் உண்டா என்று வெளிநாட்டிலிருந்து பெற்றோர்கள் கேட்கிறார்கள். கொஞ்சம் உண்டு. கூகுளின் ரீட் அலாங் குழந்தை சத்தமாகத் தமிழில் படிப்பதைக் கேட்டுத் திருத்தும். சிங்கப்பூரில் தாய்மொழி வாய்மொழித் தேர்வில் திரையில் காணொளி காட்டி அதைப் பற்றிப் பேசவைக்கிறார்கள், மார்க் போடுவது ஆசிரியர்கள். பேச்சை எந்திரம் அளப்பதில் நமக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. தமிழ்ப் பேச்சறிதலுக்குப் பயன்படுத்திய தரவில் பெரும்பகுதி ரொம்ப நாளாகப் பார்த்துப் படித்த தமிழ்தான், வானொலிச் செய்தி மாதிரி. எந்த வீட்டில் பிள்ளைகள் செய்தி வாசிக்கிறார்கள்? சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இண்டிக்வாய்ஸஸ் என்று ஒரு பேச்சுத் தொகுப்பு வெளியிட்டது: 22 இந்திய மொழிகள், 145 மாவட்டங்கள், 16,237 பேர், 7,348 மணி நேரம். அதில் பார்த்துப் படித்தது 9 சதவீதம்தான், மிச்சமெல்லாம் தானாகப் பேசியது, உரையாடியது. இது சரியான திசை. ஆனால் இதை வைத்து நாளைக்கு யாராவது தமிழ்ப் பேச்சுத் தேர்வு ஆப் செய்தால், அதில் எந்த ஊர்த் தமிழுக்கு முழு மார்க் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். நாகர்கோவில்காரர் ஒரு பக்கம், யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு பக்கம், நடுவில் எங்கள் கோவை "ஏனுங்க". அந்த முடிவை மென்பொருள் எழுதுகிறவரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று இப்போதே கத்தி வைக்கிறேன்.

சரி, அடுத்த வாரமே டெஸ்ட் இருக்கிறவர்களுக்கு. மைக்கை வாய்க்கு நேரே வைக்காதீர்கள், கன்னத்துப் பக்கம் இரண்டு விரல் தள்ளி வையுங்கள், மூச்சு பதிவாகாது. திருப்பிச் சொல்லும் கேள்வியில் சொல்லுக்குச் சொல் துரத்தாமல் அர்த்தத்தைப் பிடியுங்கள். பாதியில் தவறினால் முதலிலிருந்து ஆரம்பிக்காமல் அப்படியே மேலே போங்கள். வீட்டிலிருந்து எழுதுவதாக இருந்தால் குக்கர் விசில் நேரம் பார்த்து ஸ்லாட் எடுங்கள், ஃபேனையும் அணைத்துவிடுங்கள்.